எரிமலைக்கு அருகில் ஒரு வேளாண் ஊர்: பெராஸ்தாகி, புக்கிட்டிங்கி, செமோரோ லாவாங் ஆகிய மூன்றில் எதற்குச் செல்வது?

இந்தோனேசியாவுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் பாலித் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உயிர்ப்புள்ள எரிமலைகள் 120க்கும் மேல் இருக்கும் அந்த நாட்டில், எரிமலையின் உச்சியை எட்டிப் பார்ப்பதைவிட, அதன் அடிவாரத்தில் உழுது பயிரிட்டு வாழும் மக்களின் ஊரில் இரண்டு நாள் தங்குவதே மேல் என்று நினைப்பவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அப்படித் தங்குவதற்கு ஏற்ற ஊர்களாக மூன்றைச் சொல்லலாம். வட சுமத்ராவின் காரோ மேட்டுநிலத்தில் உள்ள பெராஸ்தாகி, மேற்குச் சுமத்ராவின் புக்கிட்டிங்கி, கிழக்கு ஜாவாவில் புரோமோ எரிமலையின் விளிம்பில் அமைந்த செமோரோ லாவாங் ஆகியவையே அவை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், ஒரு வார விடுப்பில் புறப்படுபவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். என் தேர்வு பெராஸ்தாகி. ஆனால் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காரணங்களை விரிவாகச் சொன்னால் படிப்பவர் தமக்கு ஏற்றதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்று ஊர்களிலும் நிலம் வளமாக இருப்பதற்கும், அங்கே வாழ்வது ஆபத்தானதாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் சிதைந்து கருமையான, பொலபொலப்பான மண்ணாகிறது. அந்த மண் நீரை நன்றாகத் தேக்கி வைத்துக்கொள்ளும். கேரட், உருளைக்கிழங்கு போன்ற கிழங்குப் பயிர்கள் தடையின்றி இறங்க இடம் கொடுக்கும். ஆனால் புதிதாக விழும் சாம்பல் அப்படிப்பட்டதன்று. கந்தகம் கலந்த அந்தச் சாம்பல் இலைகளின் மேல் படிந்தால் இலை கருகும், பூ உதிரும், அறுவடைக்கு நின்ற முட்டைக்கோசு விலைபோகாமல் போய்விடும். பேரனுக்கு உரமாகப் போகும் சாம்பல் தாத்தாவின் பயிரை அழித்திருக்கும். இந்த உண்மையை நேரில் கண்டு புரிந்துகொள்ள எந்த ஊர் அதிகம் வாய்ப்பளிக்கிறது என்பதே நான் வைத்துக்கொண்ட முதல் அளவுகோல். பாதுகாப்பு, சென்று சேரும் வசதி, குடும்பத்தோடு தங்கும் வசதி ஆகியவை அடுத்தபடியாக வருகின்றன.

முதலில் பெராஸ்தாகி. மேடான் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் மேடான் சமவெளியின் புகையிலைத் தோட்டங்களில் வெயில் தாங்காமல் ஓய்வுக்கு ஏறிவந்த ஊர் இது. ஊருக்கு வடக்கே சிபாயாக், மேற்கே சினாபுங் என்று இரண்டு எரிமலைகள் நிற்கின்றன. சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள சிபாயாக் 1881க்குப் பிறகு வெடித்ததில்லை. ஆனால் அதன் வாயில் மஞ்சள் கந்தகம் படிந்த துளைகளிலிருந்து ஆவி இரைச்சலோடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சினாபுங்கின் கதை நேர்மாறானது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அமைதியாக இருந்ததால், தீவிரமாகக் கண்காணிக்க வேண்டிய எரிமலைகளின் வரிசையில்கூட அது வைக்கப்படவில்லை. 2010 ஆகஸ்டில் அது விழித்தது. 2013 செப்டம்பரிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து குமுறியது. 2014 பிப்ரவரி 1 அன்று சரிவில் பாய்ந்து இறங்கிய சுடுசாம்பல் மேகத்தில் சுக்காமெரியா கிராமத்தருகே குறைந்தது 16 பேரும், 2016 மே மாதம் காம்பெர் கிராமத்தில் 7 பேரும் உயிரிழந்தார்கள். 2018 பிப்ரவரி 19 வெடிப்பில் மலையுச்சியின் ஒரு பகுதியே காணாமல் போயிற்று.

இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் பயிரிடுவதை நிறுத்தவில்லை. பெக்கெரா, சிமாச்செம், சுக்காமெரியா ஆகிய மூன்று கிராமங்களின் குடும்பங்கள் சியோசார் என்ற மேட்டுப் பகுதியில் புது வீடுகளும் வேளாண் நிலமும் பெற்றுக் குடியேறின. ஆரஞ்சுத் தோட்டங்களையும் காப்பித் தோட்டங்களையும் விட்டுவந்தவர்கள், முன்பு காடாக இருந்த நிலத்தில் உருளைக்கிழங்கிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். பெராஸ்தாகியில் தங்குபவர் அரை நாள் ஒதுக்கினால் சியோசாருக்குச் சென்று வரலாம். சோகத்தைப் பார்க்கப் போவதாக எண்ணாமல், விளைச்சலைப் பார்க்கவும் விலை கொடுத்து வாங்கவும் செல்ல வேண்டிய இடம் அது.

பெராஸ்தாகியின் பழச்சந்தைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுக்கலாம். காரோ ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், ஸ்ட்ராபெர்ரி, பெர்சிமன், மரத்தக்காளி, மர்க்கீசா என்று அவர்கள் அழைக்கும் பேஷன் பழம் எல்லாம் கூம்பு கூம்பாக அடுக்கப்பட்டிருக்கும். விற்கும் பெண்மணி ஒரு மர்க்கீசாவை விரல்களாலேயே பிளந்து, சாம்பல்நிற விதைகள் மிதக்கும் சாற்றை உறிஞ்சிப் பார்க்கச் சொல்லி நீட்டுவார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முகம் கோணமாட்டார். ஆயினும் சுவைத்தவர் அரைக் கிலோவாவது வாங்குவதே முறை. சந்தையை அடுத்து ஊருக்கு வெளியே நடந்தால் சாலையை ஒட்டியே வயல்கள் தொடங்கிவிடும். கேரட்டை மண்ணோடு பிடுங்கிக் குவித்து, கழுவி, மூட்டை கட்டி, மேடானுக்கு இறங்கும் லாரியில் ஏற்றும் வேலையைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக அமைத்த காட்சி அன்று அது. அவர்களுடைய அன்றாட வேலை. இதனால்தான் மூன்று ஊர்களில் பெராஸ்தாகியை முதலிடத்தில் வைக்கிறேன்.

தமிழர்களுக்கு அந்த மேட்டுநிலத்தில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. காரோ மக்களின் ஐந்து பெருங்குலங்களுள் ஒன்றான செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பிராமணா போன்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவர்களுள் சில பிரிவினர் பழைய வழக்கப்படி இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் துறைமுகத்தருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. தென்னிந்திய வணிகர்கள் கரையிலிருந்து மேட்டுநிலம் வரை ஏறி அங்கேயே கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இவை அடிப்படை. இதை மிகைப்படுத்தி ‘அவர்கள் எல்லோரும் சோழர்கள்’ என்று பேசுவது காரோ மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுக்கென்று மொழியும் மரபும் எழுத்தும் உண்டு. பழைய காரோ வீட்டைப் பார்க்க விரும்புபவர் கபன்ஜாஹேக்கு அருகிலுள்ள லிங்கா கிராமத்துக்குச் செல்லலாம். எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ், இரண்டு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு என்ற கணக்கில் வாழ்ந்த மரவீடுகள் அங்கே இன்னும் சில நிற்கின்றன. கீழே மேடானில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் அதைச் சுற்றிய தமிழர் குடியிருப்பும், தோட்டத் தொழிலுக்காகச் சென்ற நம்மவர்களின் தனி வரலாற்றைச் சொல்லும்.

புக்கிட்டிங்கியின் சிறப்பு வேறு. பாடாங் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், 900 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், மராப்பி, சிங்காலாங் ஆகிய இரு மலைகளின் பார்வையில் அமைந்த மினாங்கபாவ் நகரம் இது. (ஜாவாவில் யோக்யகர்த்தாவுக்கு அருகிலுள்ள மெராப்பி வேறு, இந்த மராப்பி வேறு, செய்திகளைப் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) டச்சுக்காரர் காலத்து மணிக்கூண்டு, சியானோக் பள்ளத்தாக்கு, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் தோண்டுவித்த சுரங்கங்கள், நாட்டின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா பிறந்த வீடு என்று வரலாற்றில் நாட்டமுள்ளவருக்கு அங்கே இரண்டு நாள் போதாது. சொத்து தாய்வழியில் செல்லும் மினாங்கபாவ் சமூகத்தைப் பற்றி அறிந்துகொள்ளவும், அவர்களின் சமையலை அது பிறந்த மண்ணிலேயே சுவைக்கவும் அதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் வேளாண் ஊர் என்ற அளவுகோலை வைத்தால் அது பின்தங்கிவிடுகிறது. புக்கிட்டிங்கி அடிப்படையில் ஒரு வணிக நகரம். வயல்களைப் பார்க்க வேண்டுமானால் வண்டி பிடித்துக் கொத்தோ பாருவின் காய்கறி வயல்களுக்கோ, கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சும் லாவாங் கிராமத்துக்கோ செல்ல வேண்டும்.

மேலும், மராப்பியைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்தபோது 75 பேர் மலைமேல் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அப்போது அந்த எரிமலை நான்கு படிகளில் இரண்டாம் படி எச்சரிக்கையில் மட்டுமே இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை செல்ல வேண்டாம் என்ற பரிந்துரையும் இருந்தது. அடுத்த ஆண்டு மே 11 அன்று பெய்த பெருமழை, சரிவுகளில் குவிந்திருந்த சாம்பலையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு சேற்றுவெள்ளமாக இறங்கியதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாடாங்கிலிருந்து ஏறும் அனாய் பள்ளத்தாக்குச் சாலையும் அறுந்துபோய் இரண்டு மாதங்களுக்கு மேல் மூடியிருந்தது. எரிமலை வெடிக்காத நாளிலும் அதன் சாம்பல் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புக்கிட்டிங்கியைத் தேர்ந்தெடுப்பவர் நகரத்துக்காகவும் மக்களுக்காகவும் செல்லட்டும். மராப்பியில் ஏறும் எண்ணத்தோடு செல்ல வேண்டாம்.

செமோரோ லாவாங் மூன்றிலும் கண்ணைக் கட்டிப்போடும் அழகுடையது. புரோபோலிங்கோ நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் ஏறினால், 2,200 மீட்டர் உயரத்தில் தெங்கெர் பெருங்குழியின் விளிம்பிலேயே அந்தச் சிற்றூர் அமர்ந்திருக்கிறது. கீழே மணற்கடல், அதன் நடுவில் 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ, தெற்கே தொலைவில் ஜாவாவின் மிக உயர்ந்த மலையான 3,676 மீட்டர் செமெரு என்று, விடியற்காலையில் பெனாஞ்சாக்கான் முகட்டிலிருந்து தெரியும் காட்சிக்கு இணை சொல்வது கடினம். இங்கே வாழும் தெங்கெர் மக்கள் இந்துக்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காசாடா விழாவில், தாங்கள் விளைவித்த காய்கறிகளையும் தானியங்களையும் கோழி, ஆடுகளையும் சுமந்துகொண்டு ஏறி, எரிமலையின் வாய்க்குள் காணிக்கையாக எறிகிறார்கள். நிற்கவே கால் கூசும் செங்குத்துச் சரிவுகளில், தோளில் சாரோங் துணியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிடுவதைக் காண்பவருக்கு, உழவின் மேல் மதிப்பு கூடாமல் இருக்காது.

அப்படியிருந்தும் அதை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை என்று கேட்கலாம். அங்கே வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் நள்ளிரவில் வந்து, ஜீப்பில் ஏறி, சூரிய உதயத்தைப் படம்பிடித்து, நண்பகலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஊரின் நடைமுறையும் அதற்கேற்பவே அமைந்துவிட்டது. வயலில் இருப்பவரோடு பேச வேண்டுமானால், கூட்டம் இறங்கிய பிறகு இன்னும் ஒரு நாள் தங்கும் பொறுமை வேண்டும். குளிரும் ஒரு காரணம். ஜூலை, ஆகஸ்ட் மாத இரவுகளில் உறைநிலையை நெருங்கும் குளிர் இருக்கும். மணற்கடலில் உறைபனி படிவதும் உண்டு. முதியவர்களுக்கும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த உயரமும் குளிரும் தூசியும் ஒத்துக்கொள்ளாது. புரோமோ தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பதால், தீ விபத்து, விழா, எரிமலையின் நடமாட்டம் ஆகிய காரணங்களால் வாயில் மூடப்படுவதும் உண்டு. 2023 செப்டம்பரில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்றில் கொளுத்திய புகைக்குழலால் புல்வெளி பற்றியெரிந்து பூங்கா பல நாட்கள் மூடப்பட்டது. தனியாகவோ, உடல் வலுவுள்ள நண்பர்களோடோ செல்பவருக்கு, நிலக்காட்சியே முதன்மை என்றால், செமோரோ லாவாங்தான் சரி.

பெராஸ்தாகி என்று முடிவு செய்தவருக்கு அடுத்து ஒரு கேள்வி எழும். மேடானிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பினால் போதுமா, அல்லது தங்க வேண்டுமா? மேடானில் உள்ளவர்கள் பலரும் ஒரே நாளில் திரும்பும்படியே சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. சாலை குறுகலானது, வளைவுகள் மிகுந்தது. வழக்கமான நாளில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும், வார இறுதியில் அதைவிட வெகுநேரமும் பிடிக்கும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர் ஊரைச் சேரும்போது பதினொரு மணி ஆகிவிடும். அதற்குள் சரிவுகள் சூடேறி, ஈரக்காற்று மேலேறி, சினாபுங்கின் தோளுக்கு மேல் மேகம் மூடியிருக்கும். மலை தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் விடிந்து சில மணி நேரம்தான். இரவு தங்கியவர் ஆறு மணிக்கு குண்டாலிங் குன்றின் மேல் நின்றால் சினாபுங்கின் சரிவில் சுடுசாம்பல் வழிந்த பாதைகள் சாம்பல்நிறத் தழும்புகளாக இறங்குவதையும், அவற்றின் ஓரத்திலேயே பசிய வயல்கள் தொடங்குவதையும் ஒருசேரப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவே ஓர் இரவு தங்கலாம். இரண்டு இரவுகள் தங்கினால், ஒரு காலை மேகமூட்டத்தில் போனாலும் இன்னொன்று கிடைக்கும். சனி, ஞாயிறு தவிர்த்து வாரநாட்களில் செல்வது சாலைக்கும் அறை வாடகைக்கும் நல்லது.

தங்குபவருக்குச் சிபாயாக் ஏற்றம் ஒரு கூடுதல் வாய்ப்பு. அதிகாலை மூன்று, நான்கு மணிக்குப் புறப்பட்டு, வண்டி செல்லும் தூரம் வரை வண்டியில் சென்று, மீதியை நடந்து ஏறினால் விடியலுக்கு மேலே இருக்கலாம். நடப்பதற்குக் கடினமான மலையன்று. ஆனால் மூடுபனியில் வழிதவறி ஆட்கள் காணாமல் போன மலை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆவித்துளைகளின் மிக அருகே குனிந்து நிற்பதும், பள்ளமான இடங்களில் நீண்ட நேரம் இருப்பதும் நச்சு வாயுக்களால் ஆபத்தானவை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்தவர்கள் ஏற்றத்தை விட்டுவிட்டு, மலையின் மறுபக்கத்தில் செமாங்கத் குனுங் கிராமத்து வெந்நீர்க் குளங்களுக்குச் செல்லலாம். எரிமலையின் வெப்பத்தை உடலால் உணர அதுவே எளிய வழி. சினாபுங்கில் ஏறும் பேச்சுக்கே இடமில்லை. யாராவது கூட்டிச்செல்வதாகச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். 2014இல் இறந்தவர்களுள் மலையைப் பார்க்கச் சென்ற மாணவர்களும் இருந்தார்கள்.

உணவைப் பொறுத்தவரை பெராஸ்தாகி நம்மவர்களுக்குச் சற்றே திகைப்பூட்டும். காரோ மக்கள் பெரும்பாலும் கிறித்தவர்கள். பன்றி இறைச்சி வறுவலே ஊரின் புகழ்பெற்ற உணவு. முஸ்லிம் உணவகங்களும் பாடாங் வகை உணவகங்களும் இருக்கின்றன. சைவர்கள் வேகவைத்த காய்கறிகளோடு வேர்க்கடலைச் சாறு ஊற்றித் தரும் காடோகாடோ, புளிக்கவைத்த சோயாவான தெம்பே, டோஃபு எனப்படும் தாஹு ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். இறால் சாந்து சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது அவசியம். ஏறும் வழியில் பெனாத்தாப்பான் வளைவில் சுட்ட சோளமும் இஞ்சி போட்ட பந்த்ரேக் என்னும் சூடான பானமும் விற்கும் கடைகளில் நிற்காமல் யாரும் செல்வதில்லை. இரவில் 16, 17 பாகை வரை குளிரும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை போதும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமான நிலையத்திலேயே 30 நாள் விசா பெறலாம். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மேடானின் குவாலானாமு விமான நிலையத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரப் பறப்புதான் என்பதால், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நீண்ட வார இறுதிக்குள் அடங்கும் பயணம். ஜாவாவுக்கு மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம் என்பது செமோரோ லாவாங்குக்குச் சாதகம். சுமத்ராவின் மேட்டுநிலங்களில் அப்படிப்பட்ட உறுதியான வறண்ட பருவம் கிடையாது. ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெருமழைக்காலம். 2024 நவம்பர் இறுதியில் மேடான்–பெராஸ்தாகி சாலையில் மண் சரிந்து வண்டிகளில் இருந்தவர்கள் இறந்தார்கள். அந்த மாதங்களில்தான் விடுப்பு என்றால், நான் பெராஸ்தாகியையும் புக்கிட்டிங்கியையும் ஒருசேரத் தள்ளிப்போடச் சொல்வேன்.

எந்த ஊரைத் தேர்ந்தாலும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பும், புறப்படும் முந்தைய நாளும் இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் மாக்மா இந்தோனேசியா தளத்தில் வெளியிடும் எச்சரிக்கை நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோர்மால், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என்பன கீழிருந்து மேலாக அதன் நான்கு படிகள். முதல் இரண்டு படிகளில், குறித்த தூரத்துக்கு அப்பால் உள்ள ஊரில் தங்கலாம். மூன்றாம் படியில் வயல்களையும் சந்தையையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மழை நாளில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். நான்காம் படி என்றால் பயணத்தையே ஒத்திவைத்துவிடலாம். அந்த நாட்களில் ஊரின் அறைகளும் வண்டிகளும் வீட்டை விட்டு வெளியேறிய உழவர் குடும்பங்களுக்குத்தான் தேவைப்படும்.